முழங்கால் வலிக்கு முன் சீட்டைப் பாருங்கள்

சைக்கிள் ஓட்டினால் முழங்கால் வலிக்கிறது என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு வண்டியின் அளவுதான் உடம்போடு பொருந்தாமல் இருந்திருக்கும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தாலே, ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 3,600 முறை மடங்கி நிமிர்கிறது. சிறிய கோணலாக இருந்தாலும் இத்தனை முறை திரும்பத் திரும்ப நடந்தால் மூட்டு நோகத்தான் செய்யும்.

முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் போல வேலை செய்வது. மடங்கும், நிமிரும், பக்கவாட்டில் திருக அதில் அதிக இடமில்லை. மேலே இடுப்பு சீட்டில் அமர்ந்திருக்கிறது, கீழே பாதம் பெடலில் பதிந்திருக்கிறது. இந்த இரண்டில் எது கோணினாலும் நடுவில் இருக்கும் முழங்கால்தான் அதை ஈடுகட்ட வேண்டும். அதனால் வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பது நம்மிடம் உள்ள பழக்கம். அப்படி ஓட்டும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கிய நிலையிலேயே பெடலை அழுத்த வேண்டியிருக்கிறது. முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. வலி முன்பக்கம் வருகிறது. சீட் மிக உயர்ந்துவிட்டால் முழங்காலின் பின்பக்கம் இழுக்கும், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இருபுறமும் ஆடும்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 ஆண்டுகளில் வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டின் பெயரால் ஒரு கணக்கும் வழங்குகிறது. கவட்டிலிருந்து தரை வரை உள்ள கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால், பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். கால் நீளம் 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. எனக்குக் குதிகால் முறையில்தான் நம்பிக்கை அதிகம். செருப்பின் தடிமன்வரை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

அடுத்து பாதம். மேசை மேல் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். சிலருக்கு விரல்கள் நேராக நிற்கும், பலருக்குச் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்த இயல்பான கோணத்திலேயே பாதம் பெடலில் அமர வேண்டும். அழகுக்காக நேராகத் திருப்பி வைத்தால், அந்தத் திருகல் முழங்காலுக்குப் போய்ச் சேரும். பெருவிரலின் அடிமூட்டுக்கும் சுண்டுவிரலின் அடிமூட்டுக்கும் இடைப்பட்ட பகுதி பெடல் அச்சின் மேல் வரட்டும்.

ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட் வைத்து ஓட்டுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1985இல் பெர்னார்ட் ஹினோ லுக் நிறுவனத்தின் பூட்டும் பெடல்களோடு டூர் டி பிரான்ஸ் வென்ற பிறகு அவை பரவின. தொடக்கத்தில் வந்தவை பாதத்தை அசையாமல் இறுக்கின. பிற்காலக் கிளீட்டுகள் பாதம் சில பாகை திரும்ப இடம் தருகின்றன. ஷிமானோ நிறுவனத்தின் சாலை சைக்கிள் கிளீட்டுகளில் சிவப்பில் அசைவே இல்லை. நீலத்தில் 2 பாகை, மஞ்சளில் 6 பாகை. முழங்கால் தொந்தரவு இருப்பவர்கள் மஞ்சளில் தொடங்குவதே நல்லது.

முழங்கால் எப்படிப் போகிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி மிதிக்கும்போது முன்னாலிருந்து யாராவது செல்போனில் படம் எடுக்கட்டும். முழங்கால் ஏறக்குறைய பாதத்துக்கு நேராக ஏறி இறங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால், மிதிக்கும்போது உள்ளங்கால் வளைவு சரிகிறதா என்று பாருங்கள். தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு வளைவைத் தாங்கும் உள்சோல் உதவும். வெளிப்பக்கம் விரிந்தால் முதலில் சீட்டின் உயரத்தைச் சந்தேகியுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். சீட்டை ஒரு தடவைக்கு அரை செ.மீ. மட்டும் உயர்த்தி, சில நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சீட் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தவே கூடாது, கம்பி முறிந்துவிடும். மூட்டு வீங்கியிருந்தாலோ, ஓட்டாதபோதும் வலித்தாலோ மருத்துவரிடம் போங்கள். மற்றவர்கள் இன்று வண்டியை எடுக்கும் முன், குதிகாலைப் பெடலில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.