மறுமையிலும் நெல் குத்த வேண்டுமா?

பகிர்ந்த அப்பம் – 17

எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவின் ஏழைச் சபைகள் கொடுத்த காணிக்கையில் போன வாரம் நிறுத்தினேன். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் மிசோரத்தின் இழவு வீடுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்த மலைநாட்டின் அடுப்படியில் இருக்கும் ஒரு பிடி அரிசியைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

மிசோ வீடுகளில் பழைய வழக்கப்படி நாளைக்கு இரண்டு வேளை சோறாக்குவார்கள். காலையில் ஒன்று, பொழுது சாய்வதற்குள் ஒன்று. உலைக்கு அரிசி அளந்ததும் வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பாள். வீட்டில் யாரும் ஒரு வாய் உண்பதற்கு முன்பே கடவுளின் பங்கு எடுத்துவைக்கப்பட்டுவிடுகிறது. சபைப் பெண்கள் வீடு வீடாகப் போய் அந்த அரிசியைத் திரட்டுவார்கள். திரண்டதை விற்பார்கள். வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அதே சபையார்தான். வரும் பணம் திருச்சபை ஊழியத்துக்குப் போகும். 'பூஃபாய் தாம்' என்பது இந்தக் காணிக்கையின் பெயர். 1910ஆம் ஆண்டு அய்சாலின் மிஷன் வெங் பகுதியில் இது தொடங்கியது. வேளைக்கு ஒரு பிடி என்றால் ஒரு வீட்டிலிருந்து ஆண்டுக்கு 730 பிடி. அன்று வேதாகமப் பெண் ஊழியர்களைத் தாங்கிய அந்த அரிசி, இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகத் திரள்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மிசோரத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 11 லட்சம்தான்.

இதுவரை சொன்னது பலருக்குத் தெரிந்திருக்கலாம். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்துக்கொண்டு விடாதது வேறொன்று.

கிறிஸ்தவம் வருமுன் மிசோ மக்களுக்கு மறுமையில் இரண்டு ஊர்கள் இருந்தன. செத்தவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேரும் ஊர் 'மித்தி குவா'. அங்கேயும் வாழ்க்கை இங்கே போலத்தான். உழைக்க வேண்டும், பாடுபட வேண்டும். அதற்கு அப்பால், பியால் ஆற்றின் மறுகரையில், 'பியால்ரால்' என்ற இன்ப உலகம். அதன் பேரின்பம் எது தெரியுமா? பொன்மாளிகை இல்லை, அமிர்தம் இல்லை. குத்திப் புடைத்த அரிசி அங்கே ஆயத்தமாகக் கிடைக்கும். நெல் குத்தாமலேயே சோறு உண்ணலாம்!

உரலும் உலக்கையும் தெரிந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தச் சொர்க்கம் உடனே புரியும். அந்தக் கால மிசோ வீட்டின் முகப்பிலேயே உரலுக்கென்று ஓர் இடம் உண்டு. விடியும் முன் அங்கே உலக்கைச் சத்தம் கேட்கத் தொடங்கும். மலைச்சரிவில் காட்டைத் திருத்திப் பயிரிட்ட நெல்லை முதுகில் சுமந்து ஏற்றிக்கொண்டுவந்து, அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே குத்தி, முறத்தில் புடைத்து, உமி நீக்கினால்தான் சோறு. அந்த வேலை பெண்களுடையது. உலக்கையைக் கீழே வைக்கும் நாள் ஒன்று வராதா என்ற ஏக்கமே ஒரு சமூகத்தின் சொர்க்கமாக ஆகியிருக்கிறது. உழைத்துக் களைத்த உடம்பு கண்ட கனவு அது. எத்தனையோ சமயங்களின் மறுமை வருணனைகளை வாசித்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒன்றைக் கண்டதில்லை.

அந்த உலகத்துக்குள் நுழைய வழி என்ன? 'தாங்சுவா' என்ற தகுதியைப் பெற வேண்டும். அதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, குறிப்பிட்ட விலங்குகளை வேட்டையாடி முடிப்பது. மற்றது விருந்து. ஊர் முழுவதையும் அழைத்து, மிதுன் மாடுகளையும் பன்றிகளையும் அறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசை விருந்துகள் வைக்க வேண்டும். அவற்றின் உச்சம் 'குவாங்சாவி'. அதற்குப் பல ஆண்டுகள் பொருள் சேர்க்க வேண்டும். விருந்திடுபவரை மூங்கில் மேடையில் தூக்கிச் சுமந்து போவார்கள். அவர் மேலிருந்து கூட்டத்துக்குப் பொருள்களை வீசுவார். தாங்சுவா ஆனவருக்குத் தனிப் போர்வை உண்டு. வீட்டுச் சுவரில் ஜன்னல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. மற்றவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

ஆகவே, ஈகையை மிஷனரிகள் கப்பலில் கொண்டுவந்து அந்த மலையில் இறக்கினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜே.எச். லொரெய்ன், எஃப்.டபிள்யூ. சாவிஜ் என்ற மிஷனரிகள் 1894 ஜனவரியில், அன்று லுஷாய் மலை எனப்பட்ட மிசோரத்துக்குள் கால்வைத்தபோதே அங்கே கொடுப்பதுதான் தலையாய அறமாக இருந்தது. பகிர்ந்து உண்பவர் வாழ்வர், தனித்து உண்பவர் மடிவர் என்ற கருத்தில் ஒரு மிசோ பழமொழியும் உண்டு. பிறருக்காகத் தன்னை முன்னிறுத்தாமல் உழைக்கும் 'த்லாம்ஙைனா' என்ற பண்பை அவர்கள் இன்றும் உயிராக மதிக்கிறார்கள்.

சுவிசேஷம் அங்கே மாற்றியது வேறொன்றை. கொடுப்பவர் யார் என்பதை அது மாற்றியது.

குவாங்சாவி விருந்தைப் பணக்காரர் மட்டுமே வைக்க முடியும். ஊர் உண்ணலாம், வாழ்த்தலாம். ஆனால் மூங்கில் மேடையில் ஏற முடியாது. அந்த விருந்துக்கான அரிசியை எத்தனையோ இரவுகள் குத்திக் குவித்த பெண்களின் கை, பெறும் கையாகவோ வேலை செய்யும் கையாகவோதான் இருந்தது. மிசோ மரபில் குடும்பச் சொத்து கடைசி மகனுக்குப் போகும். அன்று பெண் கையில் நிலம் இல்லை, ரொக்கமும் இல்லை. பெண்ணின் அறிவு ஊர் நீரூற்றைத் தாண்டாது என்று இகழும் பழமொழியும் அங்கே இருந்தது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு ஆளுகை இருந்த ஒரே இடம் அரிசிப் பானை. அங்கிருந்துதான் அவள் கொடுக்கத் தொடங்கினாள். தானே குத்திய அரிசி, தன் கையே அளவு. ஊர் நீரூற்றைத் தாண்டாது என்று சொல்லப்பட்ட அந்தக் கையின் அரிசி, இன்று இந்தியாவின் பல மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்பித் தாங்குகிறது.

இதில் கிறிஸ்தவ விசுவாசத்தின் மையமும் இருக்கிறது. தாங்சுவா விருந்து பியால்ராலுக்குள் போவதற்காக வைக்கப்பட்டது. பூஃபாய் தாம் எடுத்துவைக்கும் பெண் சொர்க்கத்தை விலைக்கு வாங்கவில்லை. கிருபையால் அது முன்பே கிடைத்துவிட்டது என்று நம்புவதால்தான் கொடுக்கிறாள். வேட்டையாடாதவருக்கும் விருந்திட வசதி இல்லாதவருக்கும் மறுகரை திறந்திருக்கிறது என்ற செய்தி அந்த மலையில் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! நன்றியில் பிறந்த கொடை பயத்தில் பிறந்த கொடையைவிட நீண்ட நாள் வாழும்.

அது வாழுமா என்ற சோதனை உடனே வந்தது. அந்த மலையில் வளரும் ஒரு வகை மூங்கில் சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும். அதன் காய்களைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் வயல்களிலும் களஞ்சியங்களிலும் புகும். மிசோ மக்கள் இதை 'மௌதாம்' என்பார்கள். பிடி அரிசி தொடங்கிய மறு ஆண்டே, 1911–12இல், மௌதாம் வந்தது. மக்கள் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்ற காலம் அது. அடுத்த மௌதாம் 1959இல் வந்தது. அதன் கசப்பிலிருந்துதான் மிசோ தேசிய முன்னணியின் கிளர்ச்சி பிறந்தது. 1966இல் அய்சால் மீது குண்டுகள் விழுந்தன, பிறகு ஊர்கள் பிடுங்கி நடப்பட்டன. இவை அனைத்துக்கும் பின்னும் அந்தப் பிடி அரிசி இருக்கிறது. உபரியை நம்பித் தொடங்கிய வழக்கமாக இருந்திருந்தால் முதல் பஞ்சத்திலேயே முடிந்திருக்கும்.

இதே 1910இல் இன்னொன்றும் நடந்தது. எழுதாமல் விட முடியவில்லை. அந்த ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மேடை ஏறியவர்களில் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு 35 வயது. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் அவர் பேசியதும் அரங்கம் அதிர்ந்தது. வள்ளன்மையில் குறைவில்லாத மனிதர்களிடம், உங்கள் கொடையில் சமத்துவம் இல்லை என்று சொல்லும் துணிச்சல் அது. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். தெலுங்கு நாட்டில் அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்தின் கூலி உழைப்பாளிகள். ஏழை என்பதற்காக அவர்களைப் பெறுபவர்களாகவே வைத்திருக்க அவர் மறுத்தார். அறுப்பின் பண்டிகைக்கு அவர்கள் தானியமும் கோழியும் கொண்டுவந்து படைத்தார்கள். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் எழுதிய நூல் பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. எடின்பரோவில் செல்வந்தரிடம் நட்பைக் கேட்டவர், தோர்ணக்கலில் ஏழைகளைக் கொடுப்பவர்களாக உயர்த்தினார். இரண்டும் ஒரே கொள்கைதான்.

நமக்கும் பிடி அரிசி புதிதன்று. தென்மாவட்டச் சபைகளில் சோறாக்கும்போது ஒரு கை அரிசியைக் காணிக்கைக்கு எடுத்துவைத்த பாட்டிமார் உண்டு. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் ஊக்குவித்த பிடி அரிசித் திட்டம் பல இந்துக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். அரிசி உண்ணும் மக்களிடம் அறம் அடுப்படியிலிருந்தே தொடங்குகிறது. ஒரு கிறிஸ்தவனாக இதில் எனக்குப் பொறாமை இல்லை, மகிழ்ச்சிதான். பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்கு உணவளித்தவள் சீதோன் நாட்டைச் சேர்ந்த சாறிபாத் ஊர் விதவை. அவள் இஸ்ரவேலைச் சேர்ந்தவள் அல்லள். அவள் பானையிலும் மிச்சம் இருந்தது ஒரு பிடி மாவுதான். இயேசு நாசரேத் ஜெப ஆலயத்தில் அவளை நினைவூட்டிப் பேசியதும் சொந்த ஊராரே சினந்து எழுந்தார்கள். கொடுக்கும் மனம் நம் கூட்டத்தின் தனிச்சொத்து என்று நினைப்பவர்களுக்கு அந்த விதவை இன்றும் இடைஞ்சலாகத்தான் இருப்பாள்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏழையின் காணிக்கையைப் புகழ்வது எளிது. இரண்டு காசு போட்ட விதவையை மேற்கோள் காட்டாத பிரசங்கியார் இல்லை. ஆனால் மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்களை இயேசு கண்டித்திருக்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பட்டினி கிடப்பவளின் பிடி அரிசியைக் கையில் வாங்கும் திருச்சபை, அதன் ஒவ்வொரு காசுக்கும் அவளிடமே கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. கணக்குக் காட்டாத சபைக்கு அந்த அரிசியைத் தொட உரிமை இல்லை. அவள் வீட்டில் அரிசி தீர்ந்த நாளில் அதே பாத்திரம் அவள் வாசலுக்குத் திரும்பி வரவும் வேண்டும். வராவிட்டால் அங்கே நடந்தது பகிர்வு அல்ல, வசூல்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துவையுங்கள். பெண்கள் மட்டும் அல்ல, வீட்டு ஆண்களும் அந்தக் கையை நீட்டட்டும். வாரக் கடைசியில் சேர்ந்ததைத் தேவையுள்ள ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்ததும் திரும்பிவிடாமல் அந்த வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் ஏதாவது கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இழவு வீடுகளை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். 1935இல் தொடங்கிய இளம் மிசோ சங்கத்தார், ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொல்லாமலே கூடி, இரவெல்லாம் துணையிருந்து, கல்லறைக் குழியையும் தாங்களே தோண்டுகிறார்கள். அதற்கு யாரும் கூலி கேட்பதில்லை.