மாயக் கதையும் மறைவான மகிழ்ச்சியும்

கற்றவர் கூடிய அவையில், கண்டு மகிழ்ந்த திரைப்படம் எது என்று வினவிப் பாருங்கள். கருத்தாழமுள்ள சமூகச் சித்திரம் ஒன்றின் பெயர் தயக்கமின்றி வெளிவரும். மந்திரவாதியும் மாயக் குகையும் நிறைந்த படமாயின், "குழந்தைகளுக்காகச் சென்றிருந்தோம்" என்ற சமாதானமும் கூடவே வரும். இந்தக் கூச்சம் தேவைதானா?

'பாதாள பைரவி'யை எடுத்துக்கொள்வோம். கே. வி. ரெட்டி இயக்கிய இப்படத்தை விஜயா நிறுவனத்தார் 1951-இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளியிட்டனர். தோட்டக்காரக் குடும்பத்து இளைஞன் ஒருவன் உஜ்ஜயினி அரசகுமாரியைக் காதலிக்கிறான். தனக்கு நிகரான செல்வத்துடன் வந்தால் மணம் முடிக்கலாம் என்கிறான் அரசன். கேட்டதைத் தரும் பதுமையை அடைய, வீரன் ஒருவனைப் பலியிட வேண்டுமென்று காத்திருக்கிறான் மந்திரவாதி. இருவர் தேவையும் ஒரு குகையில் சந்திக்கின்றன. எஸ். வி. ரங்காராவ் நடித்த அந்த மந்திரவாதி அச்சமூட்டுபவன். ஆனால் தன் ஆற்றல் குடிகொண்ட தாடியையே காதல் ஆசையால் மழித்துக்கொள்ளுமளவுக்கு ஏமாளியும்கூட. அங்கே சிரிக்காதிருப்பது கடினம்.

இதை ரசிப்பவர் மந்திரத்தை நம்புகிறவர் அல்லர். நொடியில் ஓர் உருவம் மறைவதைக் காட்டும் பழைய உத்தி எளிது: காமிராவை நிறுத்துவார்கள், நடிகர் விலகுவார், மற்றவர் அசையாது நிற்க, காமிரா மீண்டும் ஓடும். ஒரே படச்சுருளில் இருமுறை ஒளி பாய்ச்சி, இரு காட்சிகளை ஒன்றாக்குவதும் உண்டு. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி இத்தகைய தந்திரக் காட்சிகளில் கைதேர்ந்தவர். உத்தியை அறிந்தபின்னும் வியப்பு குறைவதில்லை; தொழில் திறமைக்கு உரிய மதிப்பும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இக்கதையில் நீதியும் உண்டு. பதுமை நல்லவன், தீயவன் என்று பார்ப்பதில்லை. எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கே பணிகிறது. ஆற்றல் வேறு, அறம் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது அரிது. எனினும், நீதி இருப்பதால்தான் படம் பார்க்கிறோம் என்பதும் மற்றொரு சாக்கே.

1952-இல் பம்பாயில் தொடங்கிய இந்தியாவின் முதல் உலகத் திரைப்பட விழாவில், வறுமையின் துயரை உள்ளபடி காட்டிய இத்தாலியப் படமான 'சைக்கிள் திருடர்க'ளும் இடம்பெற்றது. 'பாதாள பைரவி'யும் இடம்பெற்றது. ஒன்றை மதிப்பதற்காக மற்றொன்றை இகழ வேண்டியதில்லை. நாள்தோறும் பாயசமே உணவாகாது என்பது உண்மை; அதற்காகப் பாயசத்தை ஒளிந்திருந்து உண்பாரும் இல்லை.

பிறர் மெச்சுவதை மட்டுமே ரசிப்பவன், தன் சுவையை இழந்து பிறர் சுவையில் வாழ்கிறான். அரங்கில் முன்வரிசையில் இருக்கும் சிறுவனும் பின்வரிசையில் இருக்கும் பேராசிரியரும் ஒரே கணத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். வெளியே வந்தபின் அதை மறுப்பவர் பேராசிரியர் மட்டுமே. மறுக்காமலிருந்தால் இழப்பு ஏதுமில்லை. வீடு திரும்பும் வழியில் பிள்ளைகளுடன் பேசி மகிழ ஒரு பொருளும் கிடைக்கும்.