விண்கலத்துக்குப் பல நாட்டுச் செவிகள்



2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23ஆம் நாள், இந்தியாவின் சந்திரயான்-3 விண்கலத்தின் தரையிறங்கு கலம் நிலவின் தென் துருவப் பகுதியில் இறங்கியது. அது அனுப்பிய செய்திகளைக் கேட்க வேறு நாடுகளும் துணை நின்றன. ஏன் அந்தத் துணை வேண்டியிருந்தது? இன்று அதைப் பார்ப்போம்.

நிலவு நம்மிடமிருந்து ஏறத்தாழ 384,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து வரும் வானொலி அலை மிகவும் மெலிந்துவிடும். அதைப் பிடிக்கப் பெரிய கிண்ணம் போன்ற ஆன்டெனா தேவை. பெங்களூருக்கு அருகே பயலாலு என்னும் ஊரில் இந்தியாவின் 32 மீட்டர் அகல ஆன்டெனா இருக்கிறது. ஆனால் பூமி சுழல்கிறதே! நம் நாட்டில் நிலவு எழுந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தமிழ்நாட்டில் எழும். மறைவதும் அப்படியே. நிலவு மறைந்துவிட்டால் அந்த ஊர் ஆன்டெனாவுக்குக் கலத்தின் குரல் கேட்காது.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் கலிபோர்னியா, ஸ்பெயின், ஆஸ்திரேலியா ஆகிய 3 இடங்களில் நிலையங்கள் வைத்திருக்கிறது. ஓரிடத்தில் மறையுமுன் அடுத்த இடம் கலத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துக்கும் இப்படிப் பல நாடுகளில் நிலையங்கள் உண்டு. இவ்விரு நிறுவனங்களும் சந்திரயான்-3க்கு உதவின.

இந்த ஆன்டெனாக்கள் வழியறியவும் உதவுகின்றன. ஹாரன் அடித்துக்கொண்டு வரும் லாரி நம்மை நெருங்கும்போது ஓசை கூர்மையாகக் கேட்கும். கடந்து போனதும் தணிந்துவிடும். வானொலி அலையிலும் இத்தகைய மாற்றம் உண்டு. அதை அளந்தால் கலத்தின் வேகம் தெரியும். அலை போய்த் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டால் தொலைவு தெரியும்.

2019ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம், தரையைத் தொடும் முன்னரே தொடர்பை இழந்தது. அத்தகைய வேளையில், கடைசியாக வந்து சேர்ந்த செய்திகளே தவறு எங்கே நேர்ந்தது என்று காட்டும். ஒரு நொடிச் செய்தி கூட வீணாகக் கூடாது. ஆகவே 2023இல் கலம் இறங்கிய ஏறத்தாழ 19 நிமிடமும், இந்திய நிலையத்துக்கு மாற்றாக, மேற்கு ஆஸ்திரேலியாவில் நியூ நார்சியா என்னுமிடத்திலுள்ள ஐரோப்பிய நிறுவனத்தின் 35 மீட்டர் ஆன்டெனாவும் செவிசாய்த்தது.

ஒரு நாட்டுக் கலத்தின் பேச்சு இன்னொரு நாட்டு நிலையத்துக்கு எப்படிப் புரியும்? நாம் இங்கே அஞ்சலில் சேர்க்கும் கடிதம் திருச்சிக்குப் போய்ச் சேருகிறது அல்லவா? நாடுகள் அஞ்சலுக்குப் பொது விதி வகுத்ததால்தான் அது நடக்கிறது. அதுபோல விண்வெளி நிறுவனங்கள் 1982ஆம் ஆண்டில் ஒரு பொதுக் குழு அமைத்து, செய்திகளை எந்த வடிவில் அனுப்புவது என்று விதிகள் வகுத்தன. எல்லா நிலையங்களையும் ஒரே நாடு கட்ட வேண்டிய செலவும் இதனால் குறைகிறது.

இன்றிரவு நிலவு தெரிந்தால் பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று காட்டுங்கள். அது நம் வானில் மறையும் வேளையில் எந்த நாட்டார் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று கேளுங்கள். உலகப் படத்தை விரித்து அவர்களே விடை தேடட்டும்.