வங்கி மதிப்பீடு குறைந்தால் வீட்டு விலையை மறுபடி பேசலாமா?

விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட்டும் போட்டாயிற்று. கடனுக்கு விண்ணப்பித்த பிறகு வங்கியிலிருந்து போன் வருகிறது: "சார், வேல்யுவேஷன் கம்மியா வந்திருக்கு." சென்னையிலும் கோவையிலும் பழைய ஃபிளாட் வாங்கும் பல குடும்பங்களை இந்த ஒரு வாக்கியம் கலங்கடித்துவிடுகிறது. உடனே நகையை அடகு வைக்கவும் பெர்சனல் லோன் தேடவும் ஓடுகிறார்கள். முதலில் போக வேண்டிய இடம் விற்பவரின் வீடு.

கணக்கைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பேசிய விலை 60 லட்சம் என்றால் கடன் 48 லட்சம், கைப்பணம் 12 லட்சம். மதிப்பீடு 54 லட்சமாக வந்தால், வங்கிகள் வழக்கமாகக் குறைந்த தொகையையே கணக்கில் எடுக்கும். கடன் 43.2 லட்சமாகச் சுருங்கி, கைப்பணம் 16.8 லட்சமாக ஏறிவிடும். பதிவுச் செலவு தனி.

இந்த நிலையில் விற்பவர் 3 லட்சம் குறைத்தால் அந்த 3 லட்சமும் அப்படியே வாங்குபவரின் கையில் மிஞ்சும். கடன் தொகைதான் ஏற்கெனவே முடிவாகிவிட்டதே.

பேசப் போகும் முன், மதிப்பீடு ஏன் குறைந்தது என்று வங்கி அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மதிப்பீட்டாளர் அங்கீகரிக்கப்பட்ட பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை அளப்பார். பிளானில் பால்கனியாக இருப்பதைச் சுவர் எழுப்பி அறையாக்கியிருந்தால், அதை அறையாக மதிக்க மாட்டார். பழைய கட்டடத்துக்குத் தேய்மானம் கழிப்பார். யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, சிறியதாக இருந்தாலும் மதிப்பு இறங்கும். விற்பவர் சொன்ன சதுர அடியில் படிக்கட்டும் நடைபாதையும் சேர்ந்திருக்கலாம்.

காரணம் இப்படிப்பட்டதாக இருந்தால் வாங்குபவரின் பக்கம் வலுவானது. இவர் விலகிவிட்டாலும், கடன் வாங்கி வரும் அடுத்தவருக்கும் அதே பிளான், அதே யுடிஎஸ்தானே? இதை விற்பவரிடம் பொறுமையாகச் சொல்லலாம். மாறாக, கார் பார்க்கிங்கை விட்டுவிட்டார்கள் என்பது போன்ற தவறு நடந்திருந்தால், மறுமதிப்பீடு கேட்கலாம். வேறு வங்கியையும் அணுகலாம்.

இன்னொரு ஆதாரம் இலவசமாகவே கிடைக்கிறது. பதிவுத்துறை இணையதளத்தில் அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், அந்தக் குடியிருப்பில் அண்மையில் கைமாறிய வீடுகள் வரிசையாக வரும். 'கைமாற்றுத் தொகை' என்ற இடத்தில் பத்திரத்தில் காட்டிய விலை இருக்கும். சிலர் விலையைக் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்பதால், ஒரே பத்திரத்தை நம்பாமல் மூன்று நான்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் பேச்சு நடுவில் எங்காவது வந்து நிற்கும். இருவரும் பாதிப் பாதி ஏற்றால் விலை 57 லட்சம், கைப்பணம் 13.8 லட்சம்.

"பத்திரத்தில் குறைத்துப் போடுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்று விற்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது. அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் 1 முதல் தடை செய்திருக்கிறது. ரொக்கம் வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் விழலாம். கொடுத்தவரிடமோ கொடுத்ததற்கு அத்தாட்சியே இருக்காது.

பேச்சு முறிந்தால் அட்வான்ஸ் என்ன ஆகும்? அது அக்ரிமென்ட்டில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. 70 லட்சம் ரூபாய் சொத்துக்கு 7 லட்சம் முன்பணம் கொடுத்த ஒருவர் மீதியைச் செலுத்தாத வழக்கில், அந்த 7 லட்சத்தையும் விற்பவர் எடுத்துக்கொண்டது சரியே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்குபவர் தவறினால் முன்பணம் போய்விடும் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, "வங்கி மதிப்பீடு பேசிய விலைக்குக் குறைந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற நிபந்தனையை, திருப்பித் தரும் கெடுவோடு சேர்க்கச் சொல்ல வேண்டும். பிறகு விலை குறைந்தால் அதை வாய்ப்பேச்சாக விடாமல், இருவரும் கையெழுத்திட்ட துணை ஒப்பந்தமாக்கி, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு, வங்கிக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். விலை மதிப்பீட்டுக்கும் கீழே இறங்கியிருந்தால், கடனின் இறுதித் தொகையை வங்கி அதன்படிதான் முடிவு செய்யும்.