தறிக்குப் போன குழந்தைகள்: சின்ன வயசு காயம் பெரியவரான பிறகும் ஏன் விடுவதில்லை?

"சின்னப் புள்ளதானே, வளர வளர மறந்துடும்." குழந்தை அடி வாங்கினாலும், பயந்து அழுதாலும் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. உண்மையிலேயே மறந்துவிடுமா? வாலாஜாபாத், காஞ்சிபுரம் நெசவுப் பகுதிக்கு இது வெறும் கேள்வி இல்லை.

தறியில் நடந்தது என்ன?

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என வரும் கோர்வைப் பட்டுச்சேலையை நெய்ய, நெசவாளருடன் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். பல தறிகளில் அந்த இடத்தில் குழந்தைகளே உட்கார்ந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறிக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு.

கொத்தடிமை முறை 1976-லேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும், பட்டுத்தொழிலில் குழந்தைகள் கடனுக்காக வேலை செய்ததையும் அடி வாங்கியதையும் 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பதிவு செய்தது. ஆய்வு நடந்த இடங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. அன்றைய குழந்தைகள் இன்று 30 வயதைத் தாண்டியவர்கள், பலர் பெற்றோர்.

மூளையில் என்ன ஆகிறது?

ஆபத்து வந்தால் உடலில் கார்டிசோல் ஹார்மோன் கூடும். ஆபத்து போனதும் குறையும். தினமும் பயத்திலேயே வாழும் குழந்தைக்கு அது குறைய நேரமே கிடைப்பதில்லை. மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா எப்போதும் உஷாராகவே இருக்கும். அதனால்தான் சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடுவது, படிப்பில் கவனம் சிதறுவது, சட்டென்று கோபம் வருவது எல்லாம்.

பெரியவரானால்?

அமெரிக்காவில் 9,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 1998-ல் வெளியானது. வன்கொடுமை, வீட்டில் அடிதடி, குடிப்பழக்கம் போன்றவற்றில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட வகைகளைச் சிறுவயதில் அனுபவித்தவர்களுக்கு மன அழுத்தம், குடி அடிமைத்தனம், தற்கொலை முயற்சி ஆகிய ஆபத்துகள், எதுவும் அனுபவிக்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு அதிகம் என்றது. இதய நோய் ஆபத்தும் கூடியிருந்தது.

இது தலைவிதியா?

இல்லை. ஆபத்து கூடுகிறது என்றுதான் அர்த்தம். எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்றில்லை. நம்பிப் பேச ஒரு பெரியவர் இருந்தாலே பாதிப்பு குறையும். அது அம்மாவாகவோ, பாட்டியாகவோ, டீச்சராகவோ இருக்கலாம். பெரியவரான பிறகு சிகிச்சை எடுத்தாலும் பலன் உண்டு.

எதைக் கவனிக்கணும்?

நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, கெட்ட கனவு, காரணமில்லாத வயிற்று வலி, பள்ளிக்குப் போக மறுப்பது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது. இவை தெரிந்தால் "அடம் பிடிக்குது" என்று அடிக்காதீர்கள். "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள்.

குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இரண்டுமே இலவசம், 24 மணி நேரமும் பேசலாம்.