ஆயில் விளக்கு எரிந்தால்: ஸ்விட்சை மாற்றுவதற்கு முன்

நம் இதழில் ஜி.எஸ்.டி., உரிமம், தராசு முத்திரை பற்றியெல்லாம் எழுதுகிறோம். சரக்கு ஏற்றும் வண்டியைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து கோவளம் வரை நம் உறுப்பினர்கள் பலரிடம் பழைய டாடா 207, 407 அல்லது மகிந்திரா பிக்கப் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் டேஷ்போர்டில், தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் குப்பி போன்ற படத்துடன் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அந்த விளக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இஞ்சின் ஓடும்போது ஆயில் பம்ப், கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே அழுத்தத்தோடு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை இரும்பும் இரும்பும் உரசுவதில்லை. இந்த அழுத்தத்தைக் கவனிக்க இஞ்சின் பிளாக்கில், பெரும்பாலும் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்விட்ச் முறுக்கப்பட்டிருக்கும். அதனுள் ஒரு சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. சாவி போட்டதும் விளக்கு எரியும். இஞ்சின் ஓடி அழுத்தம் ஏறினால் சவ்வு தள்ளப்பட்டு எர்த் தொடர்பு அறுபடும், விளக்கு அணையும். டயர் காற்றுக்குச் சொல்லும் அதே பவுண்டுக் கணக்கில் சுமார் 5 முதல் 7 பவுண்டு வந்தாலே பொதுவாக அணைந்துவிடும். ஆகவே விளக்கு அணைந்திருப்பதால் அழுத்தம் போதுமானது என்று பொருள் அல்ல. அடியோடு இல்லாமல் போகவில்லை என்று மட்டுமே பொருள். முள் காட்டும் மீட்டர் உள்ள வண்டிகளில் ஸ்விட்சுக்குப் பதிலாக, அல்லது அதனுடன் சேர்ந்தே, வேறொரு யூனிட் இருக்கும். அழுத்தத்துக்கு ஏற்றபடி அதன் மின்தடை மாறும்; முள்ளும் நகரும்.

2009-ல் தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது என் 207-ல் இந்த விளக்கு விட்டு விட்டு எரிந்தது. டிரைவர் வந்து, "அண்ணாச்சி, ஆயில் லைட் எரியுது" என்றார். ஒரு பட்டறையில் காட்டினோம். ஸ்விட்ச்தான் கெட்டிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லி, புதிது போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு நாள் விளக்கு அணைந்திருந்தது. ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் அணையும் அழுத்தம் சற்று முன்பின் இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மறுபடி எரிந்தது. டிரைவர் மறுபடி சொன்னார். பண்டிகை நெருக்கடியில் நான், "புதுசு போட்டாச்சே, லோடை இறக்கிட்டு வாப்பா, சாயங்காலம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். கண்ணை உறுத்துகிறதே என்று அவர் ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியை எடுத்தார். கேளம்பாக்கம் தாண்டி கோவளம் போகும் சாலையில் இஞ்சின் தடதடவென்று அடித்து நின்றது. உள்ளே 15 மூட்டை சர்க்கரை, 5 மூட்டை துவரம்பருப்பு. மேலே மழை. தார்ப்பாய் போட்டும் சர்க்கரையில் பாதி கசிந்தது. கோவளத்தில் காத்திருந்த மூன்று கடைக்காரர்களும் பண்டிகை வியாபாரத்துக்கு வேறு இடத்தில் சரக்கு எடுத்தார்கள். அதில் ஒருவர் பிறகு என்னிடம் திரும்பவே இல்லை.

இஞ்சினைப் பிரித்தபோது பம்பின் வலைச் சல்லடையில் எண்ணெய்க் கசடு அடைத்திருந்தது. பேரிங் தேய்ந்து, கிராங்க் ஷாஃப்டில் கோடு விழுந்திருந்தது. வேலைக்கு ரூ. 38,000 ஆயிற்று. ஒயரைப் பிடுங்கினான் என்று ஒரு மாதம் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை அவர் வந்து சொன்னதும், இரண்டாம் முறை நான் தள்ளிப்போட்டதும் பிறகுதான் மனதில் பட்டது.

சில ஆண்டுகள் கழித்து அதே வண்டியில் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. இம்முறை அங்கேயே இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருந்தது. சாவியைப் போட்டு, ஸ்விட்சின் ஒயரைக் கழற்றிப் பார்த்தோம். விளக்கு அணைந்தது. அணையாமல் இருந்திருந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். அடுத்து வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்விட்சைக் கழற்றி அதே துளையில் பிரஷர் கேஜ் மாட்டச் சொன்னேன். சூடான இஞ்சினில் 1,000 சுற்றுக்கு 10 பவுண்டு என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவே முடிவானது. எங்களுக்கு 2,000 சுற்றில் 40 பவுண்டு காட்டியது. ஸ்விட்ச்தான் கெட்டிருந்தது. அரைமணி நேர வேலை, சில நூறு ரூபாய். கேஜில் அழுத்தம் குறைவாகக் காட்டினால் எத்தனை ஸ்விட்ச் மாற்றினாலும் பயன் இல்லை. பம்ப், சல்லடை, பேரிங், ஆயிலின் கிரேடு இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

மாற்றும் வேலை எளிது. இஞ்சின் ஆறிய பிறகு பேட்டரி எர்த்தைக் கழற்றி, சுற்றிலும் துணியால் துடைத்து, ஆழமான பாக்ஸ் ஸ்பேனரால் திருகி எடுக்க வேண்டும். ஒயர் சொருகும் இடத்தில் எண்ணெய் கசிந்திருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. அதற்கு மேல் சோதனை தேவையில்லை. பழையதைக் கையில் கொண்டுபோய் மரையை ஒப்பிட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வாங்கினாலும் சரி, பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பது மரையில் மாறும். வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்றுவது நம் ஊர்ப் பழக்கம். ஒற்றை ஒயர் ஸ்விட்சுக்கு அந்த மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. டேப் மிகுந்தால் எர்த் தடைபடும். பிசிறு உள்ளே போனால் எண்ணெய்த் துளையும் அடையும். செம்பு வாஷரோடு வரும் ஸ்விட்சுக்கு டேப்பே வேண்டாம். கையால் மரை ஏற்றி, பிறகு ஸ்பேனரால் அளவோடு இறுக்கினால் போதும். மூன்று ஒயர் உள்ள புது மாதிரி சென்சாரில் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார்க்கும் சோதனை கூடாது, கம்ப்யூட்டர் பழுதாகலாம்.

கோவளம் பக்கத்து உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் ஸ்விட்ச் முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அது முற்றினால் விளக்கு எரிய வேண்டிய நேரத்திலும் எரியாது. மாதம் ஒருமுறை முனையைத் துடைத்து சிறிது கிரீஸ் தடவுங்கள். தினம் காலையில் சாவி போட்டதும், ஸ்டார்ட் செய்யும் முன், அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று டிரைவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பல்போ ஒயரோ போயிருக்கிறது. அதைச் சரிசெய்துவிட்டு லோடு ஏற்றுங்கள்.