எழுதி வைப்பதும் ஒரு முதலீடே

வியாபாரத்துக்கு முதல் எது என்று கேட்டால் பணம், இடம், நாணயம் என்று வரிசையாகச் சொல்வோம். இவற்றோடு அன்றாட வரவு செலவை அன்றைக்கே எழுதி வைக்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நமது மாவட்டத்துக்கு இது புதிய பாடமல்ல. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி முதலிய ஊர்களைச் சேர்ந்த நகரத்தார் பெருமக்கள் பர்மா, இலங்கை, மலேயா நாடுகளில் லேவாதேவி நடத்தினார்கள். முதலாளி ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை ஏஜெண்டு ஒருவர் நடத்துவார். பெரும்பாலும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ஆள் மாறும். அன்றாட நடப்பைக் குறிப்பில் எழுதி, ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டி ஊருக்கு அனுப்புவார்கள். பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவனுக்கும் கணக்கெழுதப் பழக்குவார்கள். அவ்வளவு தூரத்திலிருந்த கடையை ஊரிலிருந்தே கண்காணிக்க முடிந்தது இந்த எழுத்தினால்தான்.

இன்று நாம் கல்லாவில் உட்கார்ந்திருந்தும் பலவற்றை ஞாபகத்தில் வைத்திருக்கிறோம். நாற்பது கடன் வாடிக்கையாளர்கள் உள்ள மளிகைக் கடையில் ஒவ்வொருவர் கணக்கிலும் மாதம் 25 ரூபாய் எழுத விட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 ரூபாய். நூற்றுக்கு ஐந்து ரூபாய் லாபம் நிற்கும் கடையில் அதை ஈடுகட்ட 2,40,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

எழுதும் முறை எளிது. சரக்கு கைமாறும்போதே எழுத வேண்டும். கூட்டம் குறையட்டும் என்று தள்ளிப்போட்டால் மறதி முந்திக்கொள்ளும். தேதி, சரக்கு, அளவு, விலை நான்கும் இருக்க வேண்டும். 'முருகேசன் 340' என்று மட்டும் எழுதினால் எந்த முருகேசன் என்ற கேள்வி வரும். ஊரையும் சேர்த்து எழுதுவோம். தவறிய எண்ணை அழிக்காமல் ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். கடை சாத்துமுன் பத்து நிமிடம் ஒதுக்கி ரொக்க இருப்பைச் சிட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் பணம் வந்த செய்தி கணக்காகாது. அதையும் அவரவர் பேரில் வரவு வைக்க வேண்டும்.

சட்டமும் எழுத்தையே பார்க்கிறது. தவணை பேசாமல் கடனாகக் கொடுத்த சரக்கின் பணத்துக்கு, 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, சரக்குக் கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்றாண்டு கிடைக்கும். ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகத்தை நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் அதை மட்டுமே கொண்டு ஒருவர்மேல் கடனைச் சுமத்த முடியாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே வாடிக்கையாளர் கையெழுத்து அவசியம்.

வாடிக்கையாளரிடமும் ஒரு நோட்டு இருப்பது நல்லது. 1990களின் தொடக்கத்தில் நமது மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். தன் கணக்கைத் தானே படித்துப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு நம்மீது சந்தேகம் வராது. பாக்கி கேட்கும்போது மனத்தாங்கலும் வராது.

மொத்த வியாபாரிக்கு எழுதும் கடிதமும் அப்படியே இருக்கட்டும். நலம் விசாரித்து ஒரு பக்கம் எழுதுவதைவிட, பில் எண், தேதி, குறைந்த மூட்டைகள், நாம் கேட்பது என்ன என்று நான்கு வரியில் எழுதினால் பதில் விரைவில் வரும். நகல் ஒன்றை வைத்துக்கொள்வோம்.

நாம் திடீரென்று படுத்துவிட்டால் மறுநாள் கடையைத் திறக்கப்போவது நம் வீட்டம்மாவோ மகனோதான். யார் தர வேண்டும், யாருக்குத் தர வேண்டும் என்பது நம் தலைக்குள் மட்டும் இருந்தால், தர வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். வாங்க வேண்டியவர்கள் வாசலுக்கு வருவார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கைகொடுப்பது பேரேடு ஒன்றே. இன்றிரவு கடை சாத்துமுன் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குவோம்.